அரைத்தெருவில் அண்ணன் கட்டிய காப்பு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "உனக்குத்தான் வாய் இருக்கே, நீயே எழுது" என்று என் கணவர் ஒதுங்கிக்கொண்டார். வாய் இருப்பது உண்மைதான். அந்த வாயால் வந்த வினையையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்குப் போன் செய்து ஆறுதல் சொல்ல வேண்டாம்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தெருவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே நிலத்தை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பதினான்கு வீடுகள். ஒரு பக்கம் மட்டும்தான் வீடு. எதிர்ப்பக்கம் ரயில்வே சுவர். அதனால் அதற்கு அரைத்தெரு என்று பெயர். முனையில் நட்டிருந்த பலகையில் வேறொரு மலாய்ப் பெயர் இருந்தது. அதைத் தபால்காரரும் போலீஸ்காரரும் மட்டுமே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெருவின் ஒரு கோடி பெரிய ரோட்டில் திறக்கும், மறு கோடி அம்மன் கோயிலோடு நின்றுவிடும். கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்க வேண்டாம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டடி உயர அம்மன், அவ்வளவுதான். உள்ளே போன வண்டி திரும்ப இடமில்லாமல் பின்னாலேயேதான் வெளியே வர வேண்டும்.

அந்தத் தெருவின் ஆறாம் எண் வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அப்பா தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அப்பா காலமானார். அதற்குள் வயர்மேன் வேலைக்கு வந்துவிட்ட அண்ணன், மேற்கொண்டு படிக்க வாங்கி வைத்திருந்த விண்ணப்பப் பாரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டார். என் பள்ளிச் சீருடை, என் கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் அவர் தோளில் போட்டுக்கொண்டவை. அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று உறவுகளாகிய நீங்கள் இன்றும் கேட்கிறீர்கள். வந்த ஜாதகங்களில் எல்லாம் நான் ஏதாவது குறை சொன்னேன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

பங்குனி வந்தால் கோயிலில் பத்து நாள் திருவிழா. முதல் நாள் பூசாரி, நேர்ந்துகொண்ட ஐந்து ஆண்களுக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார். காப்புக் கட்டியவர்கள் பகலில் வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். இருட்டுவதற்குள் தெருவுக்குள் வந்துவிட வேண்டும். எல்லைக்கு வெளியே ஓர் இரவும் தங்கக் கூடாது. பத்தாம் நாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும், கட்டிய பூசாரியே அம்மன் முன்னால் அவிழ்த்துவிடுவார். பக்கத்து வீட்டு ஞானம் ஆன்டி மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டிலும் அந்தப் பத்து நாள் மீன் பொரிக்கும் வாசனை வராது. ஒரு வருடம் ஈப்போவில் சொந்தக்காரர் கல்யாணம். அண்ணன் விடியற்காலை பஸ்ஸில் போய், தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் திரும்பி, மாலை ஐந்தரைக்கெல்லாம் தெருவில் நின்றார். அவர் சாப்பிடாமல் போனதற்காக அந்த வீட்டார் இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை.

தெரு காலியானது ஒரே நாளில் அல்ல. நிலம் கைமாறியது, யார் கைக்குப் போனது என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. முதலில் பூச்சோங்குக்கு ஒரு குடும்பம், பிறகு ரவாங்குக்கு, பிறகு கேரி தீவில் மகன் வீட்டுக்கு ஒருவர் என்று ஒவ்வொருவராக லோரி பிடித்தார்கள். ஒரு வீடு காலியானால் அண்ணன் போய் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவார். வேண்டாம் என்று சிரித்தவர்களும் உண்டு, வாங்கிக்கொண்டு அழுதவர்களும் உண்டு. ஞானம் ஆன்டியும் பெட்டாலிங் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் போன பிறகு, தெருவில் விளக்கெரிந்த வீடுகள் மூன்று. ரயில்வே சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத் தகர வேலி அடித்தார்கள். அதன் பின்னால் மாடிக்கு மேல் மாடியாகக் கட்டடம் எழும்பியது. எங்கள் வீட்டு வாசலில் மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் வெயில் விழும். அந்த வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டும். அண்ணன் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடியோ கேட்பார்.

கொரோனா வந்த ஆண்டு, திருவிழாவில் காப்புக் கட்டிய நான்காம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நாடே வீட்டுக்குள் அடைபட்டது. பூசாரி ஐயா கேரி தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். போலீஸ் தடுப்பைத் தாண்டி அவரால் வர முடியவில்லை. பத்தாம் நாள் வந்தது, மஞ்சள் நீராட்டு இல்லை, அவிழ்க்க ஆள் இல்லை. காப்புக் கட்டிய மற்ற நால்வரும் சில வாரங்களில் அம்மனைக் கும்பிட்டுத் தாங்களே அவிழ்த்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் பூசாரி வரட்டும் என்றார். பூசாரிக்குப் பக்கவாதம் வந்து, கெடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டுப்பாடு தளர்ந்தபோது அம்மனை வேறொரு பெரிய கோயிலின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தெருக்கோடியில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். கட்டியவரும் இல்லை, அம்மனும் இல்லை, அண்ணன் கையில் காப்பு மட்டும் இருந்தது. நூல் இற்றுப்போவதற்கு முன் புது நூலை மஞ்சளில் நனைத்து அதோடு சேர்த்து முறுக்கிக்கொள்வார்.

இப்படி நான்கு ஆண்டுகள். நான்கு ஆண்டுகளும் ஓர் இரவுகூட அவர் அரைத்தெருவை விட்டு வெளியே தங்கவில்லை.

தீபாவளிக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்திருந்த எல்லாருக்கும் நடுவில் நான் சத்தமாகச் சொல்வேன். "அண்ணே, அந்த இருட்டுல தனியா எதுக்குக் கெடக்குறீங்க? இங்க வந்து எங்களோட இருங்க." அண்ணன் சிரித்துக்கொண்டு வலது கையைத் தூக்கிக் காட்டுவார். நாலரை மணி கமியூட்டர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நீங்களெல்லாம் என்னைப் பாராட்டினீர்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனது. வார்டில் படுத்தால்தான் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன், தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலைக்குள் கிராப் டாக்சி பிடித்துத் தெருவுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு முறை இப்படி நடந்தது. நான் கத்தினேன். காப்பு இருக்கும்போது எப்படிப் படுப்பது என்றார். வாரம் ஒரு முறை சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு வருவேன்.

இனி எழுதப்போவதை இதுவரை என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் இறப்பதற்குப் பதினொரு மாதம் முன்னால், ஒரு காலை வேளையில் பூசாரி ஐயா எனக்குப் போன் செய்தார். பக்கவாதத்தால் பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது. "தாயி, அம்மன்கிட்ட உத்தரவு கேட்டுட்டேன். எந்த அம்மன் கோயிலுக்காச்சும் போயி, எலுமிச்சம்பழம் வச்சிக் கும்புட்டு, அண்ணன அவரே அவுத்துக்கச் சொல்லு. கட்டுனவன் சொல்றேன், குத்தமில்ல. நீ சொல்லிரு." சரிங்கய்யா என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எங்களுடையது இரண்டு அறை பிளாட். ஓர் அறையில் படுத்த படுக்கையாக மாமியார், அவர் கட்டில், அவருக்கான சக்கர நாற்காலி. இன்னோர் அறையில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் மகள். நானும் கணவரும் ஹாலில். மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு நான் வீட்டு வாசலைத் தாண்டுவதே வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் அண்ணனைப் பார்க்கத்தான். இதில் ஆறாத புண்ணோடு இன்னொருவரை எங்கே படுக்க வைப்பேன்? மகளின் பரீட்சை முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தது. மாமியாருக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். தீபாவளி வந்தது. வழக்கம்போல உங்கள் எல்லாருக்கும் முன்னால், வாங்கண்ணே, வந்து இருங்கண்ணே என்று சத்தமாகக் கூப்பிட்டேன். வழக்கம்போல அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அந்த நூலைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் காலை அண்ணன் வாசலில் விழுந்து கிடந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் காவல் வேலை பார்க்கும் நேப்பாளத்துக்காரர் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஊசி போடுவதற்காகத் தாதி கையிலிருந்த காப்பை வெட்டி எடுத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானப் பார்வையாளர் நேரம். அண்ணனுக்கு நினைவு தெளிந்திருந்தது. வெறும் மணிக்கட்டைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, பூசாரி எனக்குப் போன் பண்ணி ரொம்ப மாசமாச்சி. அவுத்துக்கலாம்னு சொன்னாரு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

"தெரியும் பாப்பா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணாரு. நான்தான் தங்கச்சிகிட்ட சொல்லுங்க ஐயான்னேன். நீ வந்து சொன்னா, ஒன்கூட வந்துரலாம்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, எடமில்ல போலன்னு விட்டுட்டேன்."

அப்படியானால் ஏன் அவிழ்க்கவில்லை, வார்டிலாவது படுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"அவுத்துட்டா நீ எப்படி என்னைய கூப்புடுவ? கூப்புட்டா நான் வரணும். கூப்புடலன்னா சொந்தக்காரங்க ஒன்னைய பேசுவாங்க. கையில இருந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டமில்ல லா."

நான் அழுதபோது, பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார், அழாதே என்றார். மாமியார் சாப்பிட்டாரா என்று கேட்டார். மூன்றாம் நாள் காலை, அவருடைய அறுபத்தேழாம் வயதில், அண்ணன் உயிர் பிரிந்தது. வேலி தெருவைக் குறுக்கியிருந்ததால் பிணவண்டி உள்ளே போக முடியவில்லை. முனையிலேயே அரை மணி நேரம் நிறுத்தி, வந்தவர்கள் வாய்க்கரிசி போட்டோம். மறுநாள் போர்ட் கிள்ளானில் படகெடுத்துச் சாம்பலைக் கடலில் கரைத்தோம். பதினாறாம் நாளுக்குள் ஆறாம் எண் வீட்டுக் கதவில் பலகை அடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடம் வேலிக்குள் போய்விட்டது. அரைத்தெரு என்று சொன்னால் கிராப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் கேட்கும் முன்பே வேலைக்குத் திரும்பிவிட்ட அந்த நேப்பாளக் காவலாளி. வெட்டிய காப்பைக் குப்பையில் போடாமல் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்த மலாய்த் தாதி. மகள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் சடங்கு முடியும்வரை ஓரமாக நின்று ஜெபித்த ஞானம் ஆன்டி. கெடாவிலிருந்து போனிலேயே அழுத பூசாரி ஐயா. தோள் கொடுத்த, மாலை வாங்கி வந்த, சமைத்துப் போட்ட உறவுகள், பழைய அரைத்தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

என்னைப் பாராட்டியவர்களுக்கு மட்டும் நன்றி சொல்ல முடியவில்லை. அண்ணனை நான் வருந்தி வருந்திக் கூப்பிட்டதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்கள், பொய்யில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஆறாம் எண் வீட்டில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவரிடம் "வாங்கண்ணே" என்று சொன்னதில்லை.