ரப்பர் போட்டுக்கு ஒரு பைபர் அடி

கத்தாரில் ஏழு வருடம் ஏசி திருத்திவிட்டு ஊர் திரும்பிய என் கணவர், எவரோ கழித்துவிட்ட பழைய ரப்பர் போட் ஒன்றை ஒலுவிலில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். காலையில் காற்றடித்தால் மத்தியானத்துக்குள் பாதி இறங்கிவிடும். அடித்துணி உக்கிப் போயிருந்தது. வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வளவில், என் தையல் மெஷினுக்கு நேர் எதிரே அதை இறக்கினார்.

"அடிய வெட்டி எறிஞ்சிட்டு பைபரில கட்டியான அடி போடப்போறன். ரெண்டு பக்கத்து ரப்பரும் அப்பிடியே இரிக்கும். வெள்ளக்காரன்ட போட் மாதிரிப் பறக்கும், பாரு," என்றார்.

அவருடைய அறிவு முழுவதும் போனில் பார்த்த வீடியோக்கள். அவற்றையும் தள்ளித் தள்ளித்தான் பார்ப்பார்.

சாய்ந்தமருதில் பைபர் தோணி கட்டும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர், வழியில் போனவர், நின்று பார்த்தார்.

"தம்பி, ரப்பரில பைபர் ஒட்டுற ரெசின் புடிக்கா. அடியத் தனியாச் செஞ்சி, அதுக்குரிய பசையால ஒட்டணும்."

"ஓம் காக்கா, ஓம்," என்றார் இவர். காக்கா தலை மறைந்ததும், "பழைய ஆக்கள். புதுசு ஒண்டும் தெரியா," என்று சிரித்தார்.

நான் சட்டைக்கு அளவு வெட்டும் பேப்பரை எடுத்துத்தான் அடிக்கு அளவு வெட்டினார். இடது பக்கத்தை ஒரு தரம், வலது பக்கத்தை இன்னொரு தரம். எனக்குப் பொறுக்கவில்லை.

"பேப்பர ரெண்டா மடிச்சி வெட்டுங்க. இடது பக்கம் நாலு விரல் கூடிப் போச்சி."

"இது பிளவுஸ் இல்ல புள்ள."

ஒரு மாதம் பைபர் தூசு வீடெங்கும் பறந்தது. நான் தைத்துக் கொடுத்த கல்யாணச் சட்டை ஒன்று, கழுத்தெல்லாம் கடிக்குது என்று திரும்பி வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு, மருதமுனைக் கடற்கரையில் பாதித் தெருவைக் கூட்டிவைத்து, மோட்டரும் பூட்டி போட்டை இறக்கினார். அது தானாக இடது பக்கம் வளைந்து கரைக்கே வந்தது. திருப்பி விட்டார். மறுபடியும் வந்தது. மூன்றாம் தரம் வேகத்தைக் கூட்டியபோது, துணி கிழிவது போன்ற சத்தத்தோடு வலது பக்க ரப்பர் அடியை விட்டுக் கழன்றது. இடுப்பளவு தண்ணீரில், ரப்பரைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். கூட்டாளிமார் போனில் படம் எடுத்தார்கள்.

எனக்குப் பாவமாக இருக்கவில்லை. "நான்தான் புள்ள பிழை விட்டுட்டன்" என்றிருந்தால் துவாயோடு ஓடியிருப்பேன். சொட்டச் சொட்ட வந்து அவர் சொன்னது, "மோட்டர் சரியில்ல."

அடுத்த நாள் காக்காவை நானே கூப்பிட்டேன். ரப்பர் முழுவதையும் அவர் உரித்து எறிந்தார். கூடிப்போன பக்கத்தை அறுத்துச் சரிபண்ணி, பைபரிலேயே பக்கங்களை எழுப்பினார். பைபர் துணியை நான் வெட்டிக் கொடுத்தேன். அளந்து பார்த்து, அப்படியே ஒட்டினார். இவர் நிழலில் கதிரை போட்டிருந்து, "ரெசின் கொஞ்சம் கூடப் போடுங்க காக்கா," என்றார்.

இப்போது போட் நேராக ஓடுகிறது. தேத்தண்ணிக் கடையில் அது "என்ட டிசைன்."

போன மாதம் பெரியநீலாவணையில் இருந்து ஒருவர், தன் ரப்பர் போட்டையும் இப்படி மாற்ற வேண்டுமென்று விசாரித்து வந்தார். இவர் ஒரு மணித்தியாலம் விளக்கினார். போகும்போது அந்த மனிதர் என் மெஷின் அருகில் வந்து, மெதுவாக, "தங்கச்சி, இதச் செஞ்ச ஆள்ட நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன்.