விசாகப்பட்டினம் போய்ச் சேராத சுறாப் புட்டு

காலை 8.10. திருவொற்றியூர் கடலோரத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன். சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வான்வழியில் சுமார் 620 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடம். மூன்று நாள் பயிற்சிக்குக் கம்பெனி அனுப்புகிறது. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான், முதலில் விமானம் ஏறுபவனும் நான்தான். அந்த ஒரு மணி இருபது நிமிடத்தை ஒரு வாரமாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா அதை நம்பிவிட்டாள். விசாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். பயணம் கூடாதென்று டாக்டர் சொன்னதால் தலைப்பிரசவம் அங்கேயே நடந்தது. பால் போதவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பால்சுறாப் புட்டுதான். விடியற்காலையில் காசிமேடு போய்ச் சுறா வாங்கி வந்து, வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுக் கிளறி, டப்பாவை என் கையில் வைத்தாள்.

"வேணாம்மா, ஏர்போர்ட்ல வாசன வரும்."

"வந்தா இன்னா? ஒன்னேகா மணி நேரம்னு நீதான சொன்ன. நா மீன் கூடையத் தூக்கினு வந்து வித்து முடிக்கவே அதுக்கு மேல ஆவுது. சூடு ஆறாம குடுத்துடு நைனா."

இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை.

தேரடி மெட்ரோவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். டிரைவர் தெருக்காரர். "ஜன்னல் சீட்டா மாமு? கைய கிய வெளிய நீட்டாத" என்றார். மெட்ரோவில் ஐம்பது ரூபாய், ஒரு மணி நேரம். பக்கத்திலிருந்தவர் பாதியில் எழுந்து போனார். இறங்கத்தான் எழுந்தாரோ என்னவோ.

9.45. விமான நிலைய வரிசையில், பயிற்சிக்கு வரும் சக ஊழியர் மூக்கைச் சுளித்தார்.

"மீன் வாசனை வருதுல்ல?"

நானும் முகர்ந்து பார்த்தேன். "ஆமா சார், யாரோ" என்றேன்.

பிறகு கழிவறைப் பக்கம் போய், அங்கிருந்த குப்பைத் தொட்டியில் டப்பாவைப் போட்டேன். இன்னும் சூடாக இருந்தது. பாதுகாப்புச் சோதனையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா இறால் வறுவல் வைத்திருந்தார். காவலர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார்.

11.55க்குக் கிளம்பி 1.15க்கு இறங்கியது விமானம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அக்கா வீட்டுக்கு ஆட்டோவில் நானூறு ரூபாய். வாசலை மிதிக்கும்போது 2.20. அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா என் பையைப் பார்த்தாள்.

"எங்கடா புட்டு?"

"செக்கிங்ல போலீஸ் புடுங்கிட்டான்கா."

அக்கா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "சரி வுடு, நீ துன்னியா?" என்றாள்.

சாயங்காலம் அம்மா வீடியோ காலில் வந்தாள். அக்கா என்னைப் பார்க்காமல், "நல்லா கீதும்மா, பூண்டுதான் கொஞ்சம் தூக்கலு" என்றாள். போனை வைத்ததும், "புடுங்கிட்டான்னு சொன்னா அம்மா ராவெல்லாம் அழுவும், அதான்" என்றாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் இருந்தது. கிளம்பும் அன்று அக்கா வாசல்வரை வந்தாள்.

"பச்சப்புள்ள பாலுக்குப் போற சோத்தப் புடுங்கினான் பாரு, அவன் நல்லா இருப்பானா?"

"வுடுக்கா," என்றேன். "அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான."