பாண்டித்துரை கேட்டு வாங்கிய ஒரு வருடம்

"ஒரு வருசத்துக்கே எழுதிருங்க மேடம்" என்று பாண்டித்துரை சொன்னதும் மைதிலி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பனியன் கம்பெனியின் சாயப்பட்டறைக்கு ஆள் எடுப்பதும் ஒப்பந்தம் எழுதுவதும் அவள் பொறுப்பு. கம்பெனி ஊழியராக இல்லாமல் தனியாளாகத் தொழில் செய்யும் கலர் மாஸ்டர்கள் யாரும் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் கட்டுண்டு கிடக்கச் சம்மதிக்க மாட்டார்கள். மூன்று மாதம் ஒரு பட்டறை, அடுத்த மூன்று மாதம் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் கூலியை ஏற்றிக் கேட்க முடியும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாஸ்டர். மூணு மாசம்னா ரேட்டு சேர்த்தியே தர்லாமுங்க. வருசத்துக்குன்னு எழுதீட்டா நடுவுல நீங்களும் போக முடியாது, நாங்களும் அனுப்ப முடியாது."

"அதுக்குத்தேன் கேக்குறேன்."

பேராசை இல்லாத மனிதர் என்று மைதிலி நினைத்துக்கொண்டாள். கையெழுத்தானது.

பாண்டித்துரைக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வயதில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பாய்லருக்கு விறகு தள்ளினார். ஒருநாள் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்து, "இந்த ரெண்டும் ஒரே கலர் இல்லண்ணே" என்று சொல்ல, பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். துணி வாங்க வெளிநாட்டிலிருந்து வந்தவர் மட்டும் அதையே சொல்லி அந்தச் சரக்கைத் தள்ளிவிட்டார். அன்றோடு விறகு போயிற்று. நிறம் பார்க்கும் அறையில் விளக்குப் பெட்டிக்கு முன்னால் நின்றவர், பட்டறைகள் மாறினாலும் முப்பது வருடமும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றார். நிறம் அளக்கும் மெஷின் எண்ணில் சொல்லும். இரண்டு துணியும் ஒரே நிறம்தானா என்று கடைசியாகச் சொல்வது அவர் கண். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு துணியும் தையலுக்குப் போகாது.

அந்தக் கண்ணில்தான் சர்க்கரை வந்து உட்கார்ந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி அனுசுயா. கொடியில் கிடந்த பச்சை ரவிக்கையை எடுத்து, "இந்த நீல ரவிக்கைய மடிக்கவா?" என்று அவர் கேட்டபோது, அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கண் டாக்டர் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தார். ஊசி போடலாம், மேற்கொண்டு கெடாமல் தள்ளிப்போடலாம், போனது திரும்பாது என்றார். இன்னும் எவ்வளவு நாள் என்று பாண்டித்துரை கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார்.

ஒவ்வொரு புது ஒப்பந்தத்துக்கும் ஒரு பரீட்சை உண்டு. வண்ண வில்லைகளைக் கலைத்துப் போட்டு, மெல்லிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறம்வரை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இந்த ஒப்பந்தத்துக்கான பரீட்சையில் நீலத்தில் இரண்டு வில்லை மாறிப்போயின. இன்னும் ஒன்று மாறியிருந்தால் தோல்வி.

"மூணு மாசமுன்னா மூணு மாசத்துல மறுபடி அந்தப் பரீட்சை வருமுல்ல?" என்றாள் அனுசுயா. "அப்ப வருசத்துக்குக் கேளுங்க."

"அது ஏமாத்து இல்லையா?"

"வேற என்ன வேல தெரியும் ஒங்களுக்கு? சொல்லுங்க, அதுக்குப் போவோம்."



பட்டறையில் சாய மெஷின் ஓட்டியவன் நல்லான். கணியூர்க்காரன், நாற்பது வயது, விவசாயம் கைவிட்டதால் இங்கே வந்தவன். துணி வந்ததும் பாண்டித்துரை அதைப் பெட்டி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நீ என்னய்யா நினைக்கிற?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்பார். "துளி பச்சை அடிக்குதுங்க மாஸ்டர்" என்பான் நல்லான். "ம்... எனக்கும் அப்படித்தேன்" என்பார். பெரிய மாஸ்டர் தன்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார் என்று நல்லானுக்கு அத்தனை பெருமை. ஐந்து மாதம் இப்படியே ஓடிற்று. அவன் கண்ணால் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் குழந்தைச் சட்டைக்கான வெளிர் நீலத் துணி வந்தது. உடம்புத் துணி ஒரு மெஷினிலும் கழுத்துப்பட்டித் துணி இன்னொரு மெஷினிலும் ஏறின. இரண்டுக்கும் சாய மருந்து ஏற்றியவன் நல்லான்தான். துணி வெளியே வரும் முன்பே ஊரில் சாவு என்று போன் வந்து கணியூருக்குப் போய்விட்டான். பாண்டித்துரை இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றாகத்தான் தெரிந்தன. நிறம் அளக்கும் மெஷின் காட்டிய எண்ணும் தேறும் அளவின் விளிம்பில் நின்றது. தையல் பகுதியிலிருந்து ஆள் வந்து வாசலில் காத்திருந்தான். யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும். கையெழுத்துப் போட்டார்.

சட்டைகள் தைத்து முடிந்தபின், வாங்குபவர் சார்பில் சோதனைக்கு வந்த பெண் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் பிடித்தாள். கழுத்து மட்டும் துளி பச்சை அடித்தது. முழுச் சரக்கையும் தள்ளிவிட்டாள்.

மாஸ்டர் கண் தப்பாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் பார்க்கும்போது சரியாக இருந்த துணி பிறகு நிறம் மாறியிருக்கிறது. மருந்து அளவில் பிசகு. போட்டவன் பாதியில் ஊருக்குப் போய்விட்டான். முதலாளியின் அறையில் இப்படிப் பேசி முடித்தார்கள். பாண்டித்துரையும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, கணக்கு முடித்துக்கொண்ட நல்லான் அவரைத் தேடி வந்தான். "மாஸ்டர், நீங்க பாத்தப்ப நல்லா இருந்துருக்குதுன்னா, நாந்தானுங்க எங்கியோ தப்புப் பண்ணியிருக்கோணும். எத்தன யோசிச்சாலும் எங்கீன்னு பிடிபடலீங்க. உங்களுக்கும் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவன் போய்விட்டான்.

அதற்குப் பின் பன்னிரண்டாம் நாள் மைதிலியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண்ணை, வில்லைகளை, நல்லானிடம் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டதை. தன்னை அனுப்பிவிட்டு அவனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

மைதிலி எழுந்து கதவைச் சாத்தினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"இத வேற ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"சொல்லாதீங்க. நிறம் பாக்கறது இன்னாருன்னு வாங்கறவங்களுக்கு உங்க பேரைத்தானுங்க வருசத்துக்கும் எழுதி அனுப்பியிருக்குது. இப்பப் போயி அவருக்குக் கண்ணு தெரீலைன்னா, அஞ்சு மாசமா அனுப்புன சரக்கு அத்தனையும் கேள்விக்கு வந்துருமுங்க. நீங்க பேசாம வாங்க, உக்காருங்க, கையெழுத்துப் போடுங்க. மெஷின் பாத்துக்கும்."

"நல்லான்?"

"அவருக்கு வேற எடம் கெடைச்சிருக்குமுங்க."

"என்னை விட்டுருங்க மேடம். நான் போயிர்றேன்."

"முடியாதுங்க மாஸ்டர். வருசத்துக்குன்னு நீங்கதான கேட்டீங்க."

வெளியே வந்து நல்லானுக்குப் போன் செய்தார். உடுமலைப்பேட்டையில் ஒரு தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"ஏன்யா, வேற பட்டறையே இல்லையா?"

"பட்டறை இருக்குதுங்க. எங் கையை எனக்கே நம்ப முடியலீங்க. மருந்தை நாலு தரம் அளந்தாலும் சரியான்னு தெரியலீங்க."

"நல்லான், நான் சொல்றதக் கேளு. நீ தப்பே பண்ணல. எனக்குக் கண்ணு போச்சுய்யா. நீலமும் பச்சையும் தெரியல. அன்னைக்குத் துணிய நாந்தேன் தப்பாப் பாத்தேன்."

எதிர்ப்பக்கம் மட்டை உரிபடும் ஒலி மட்டும் கேட்டது.

"மாஸ்டர்" என்றான் கடைசியில். "என் மனசு ஆறட்டும்னு இப்பிடிச் சொல்றீங்க பாருங்க... உங்க கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? பக்கத்துலயே நின்னவனுங்க நானு."

எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. வேலை கெடுகிறது, வைக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டு வைத்தான்.

மறுநாள் காலை வெளிர் மஞ்சளோ வெள்ளையோ ஒரு துணியைக் கொண்டுவந்து பாண்டித்துரையின் முன் வைத்தார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு மாதமும் பதினெட்டு நாளும் பாக்கி இருந்தது.