முதல் தடத்தில் ஒரு கறுப்புப் பட்டை

இது உண்மையில் நடந்தது. எனக்கே நடந்தது. பேய்க் கதை சொல்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசம்... யார் சொன்னாலும் அதே மூட்டையைத்தான் அவிழ்ப்பார்கள். என் கதையில் அது எதுவும் கிடையாது. நடந்தது பட்டப்பகலில், பாளையங்கோட்டையில், ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். போன வருடம் வரை நானும் சிரித்தவள்தான்.

என் பெயர் முத்துராணி. ஊர் ஏரல். முனைவர் பட்டத்துக்காக அங்கே நான்கு வருடம் குப்பை கொட்டினேன். என் வழிகாட்டி தேவதாசன் சார். கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு பார்வையிட வருகிறது என்றால் மட்டும்தான் அவருக்கு அறிவியல் ஞாபகம் வரும். அன்று இயந்திரங்களின் உறையைக் கழற்றுவோம். குளிர்பெட்டியில் குப்பிகளை அடுக்கிவைப்போம். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பொம்மைபோல் நிற்போம். குழு டீ குடித்துவிட்டுப் போனதும் உறை மறுபடி ஏறிவிடும். படம் எடுக்கும் இயந்திரமும் உறைக்குள் தூங்கியதால், நாங்கள் பழைய முறையில் இருட்டறைக்குள் போய் எக்ஸ்ரே ஃபிலிமில்தான் படம் எடுத்தோம்.

என்னோடு வேலை பார்த்தவள் ரீபா. எனக்கு ஒரு வருடம் முன்பே சேர்ந்தவள். எந்தப் பொத்தானை அமுக்கும் முன்பும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். அவளிடம் போய் ஒரு விஷயம் கேட்பதையே நான் கேவலமாக நினைத்தேன். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் வேலை ஒரு புரதத்தைப் பற்றியது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் புரதம். உடம்புக்குள் எங்காவது அழற்சி வந்தால் இது இரத்தத்தில் ஏறும். இதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆன்டிபாடி உண்டு. இரத்தத்தில் உள்ள புரதங்களை ஒரு சவ்வில் தடம் தடமாக ஏற்றி, அதன் மேல் ஆன்டிபாடியை ஊற்றுவோம். அது ஒட்டிய இடத்தை ஒளிவிடச் செய்து ஃபிலிமை வைத்தால் கறுப்புப் பட்டை விழும். அவ்வளவுதான் வித்தை.

கடைசிப் படம் ஒன்று பாக்கி. இரண்டே தடம். முதலாவது நோயில்லாதவர், இரண்டாவது மூட்டுவாத நோயாளி. முதலாவது வெறுமையாக வர வேண்டும், இரண்டாவதில் பட்டை வர வேண்டும். திங்கட்கிழமைக்குள் அந்தப் படம் வராவிட்டால் என் ஆய்வேட்டில் கையெழுத்து இல்லை என்று சார் சொல்லிவிட்டார். நோயில்லாதவர் என்று நாங்கள் வெளியே ஆள் தேடுவதில்லை. ஆய்வு மாணவரே கையை நீட்டுவதுதான் அங்கே வழக்கம். நானும் என் இரத்தத்தையே கொடுத்தேன்.

வாங்கி வைத்திருந்த ஆன்டிபாடி தீர்ந்துபோயிருந்தது. குளிர்பெட்டியின் பின்வரிசையில் ஒரு குப்பி கிடைத்தது. மேலே சண்முகசுந்தரி என்று எழுதியிருந்தது. முயலுக்கு ஊசி போட்டு எங்கள் கூடத்திலேயே அதே ஆன்டிபாடியை உண்டாக்கியவள். நான் சேர்வதற்கு முன்பே சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டாள். "எப்பப் பாரு காய்ச்சல், எப்பப் பாரு லீவு" என்பதுதான் அவளைப் பற்றி சார் சொன்ன ஒரே அஞ்சலி. யாரையும் கேட்காமல் குப்பியை எடுத்தேன்.

சனிக்கிழமை படம் வந்தது. நோயாளியின் தடம் வெறுமை. என் தடத்தில் மை தீட்டியதுபோல் பட்டை.

சாருக்குப் போன் செய்தேன். "மாத்தி ஊத்திட்ட. கண்ண எங்க வச்சிருந்த?" என்றார். சொந்தக் கையால் ஒரு சொட்டு ஊற்றி அறியாத மனிதர் என்னிடம் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். பார்த்துப் பார்த்து ஊற்றினேன். கட்டடத்தில் யாரும் இல்லை. கோயிலில் ஆராதனை முடிந்து வருவதாக ரீபா சொல்லியிருந்தாள். இரண்டு மாதமாக என் கால் வீங்கிக்கொண்டிருந்தது, அன்று செருப்பு வார் இறுகிப் பதிந்திருந்தது. நின்றுகொண்டே வேலை பார்த்தால் வீங்காதா? இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்து பல மாதம். புது பல்பு வாங்கக்கூட சாருக்கு மனசு வரவில்லை. எல்லாம் கைத்தடவல்தான். சவ்வின் மேல் ஃபிலிமை ஐந்து நிமிடம் வைத்து எடுத்தேன். முதல் தட்டில், படத்தைத் துலக்கும் மருந்துக்குள் போட்டேன். தட்டைப் பைய ஆட்டினேன்.

சளப்... சளப்...

மூக்கு அரித்தது. கையை எடுத்துச் சொறிந்துகொண்டேன்.

சளப்... சளப்...

தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா ரீபா?"

"ம்."

மருந்து நெடியில் என் மூளை மந்தமாகியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"எப்ப இருந்துட்டி கால் வீங்குது?"

"ரெண்டு மாசமா. ஒனக்கென்ன?"

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

சளப்... சளப்...

ரீபா யாரையும் 'ட்டி' போட்டுப் பேச மாட்டாள்...

தாழ்ப்பாள்... நான் போட்ட தாழ்ப்பாள்...

என் கணுக்காலில் ஒரு விரல் பட்டது.

குளிர்ந்த விரல். ஈரமாக இருந்தது.

அழுத்தியது.

"குழி விழுதுட்டி..."

எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தேன் என்று தெரியாது. வெளி வெளிச்சம் உள்ளே விழுந்தது. அறையில் யாரும் இல்லை. ஒளிய இடமும் இல்லை. அவ்வளவு சின்ன அறை. முதல் தட்டில் மருந்து மட்டும்தான் இருந்தது. ஃபிலிம், படம் நிலைப்பதற்காக வைத்திருந்த அடுத்த தட்டில் பத்திரமாகக் கிடந்தது. அதை நான் எடுத்துப் போடவில்லை.

என் தடத்தில் கறுப்புப் பட்டை. பக்கத்துத் தடம் வெறுமை. குனிந்து பார்த்தேன். கணுக்காலில் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி இருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ரீபா பைபிளோடு வந்து இறங்கினாள். சாருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே பேசினார். "திருப்பி வச்சிரு. இடது வலதாயிரும். யாருக்குத் தெரியப் போகுது?" நான்கு வருடத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே நுட்பம் அதுதான்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கணுக்காலில் அதே இடத்தில் விரலை அழுத்தினார். "குழி விழுதே" என்றார். என் உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே என் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஆரம்பம்தான் என்றார். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றும் சொன்னார்.

வார்டுக்கு ரீபா வந்தாள். சார் அந்தப் படத்தைத் திருப்பிவைத்துத் தன் பெயரில் ஒரு கட்டுரையில் சேர்த்து ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாராம். எனக்கு ஆச்சரியமே இல்லை. நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் ஜெபம் பண்ணத் தொடங்குவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

"சண்முகசுந்தரி அக்காவும் தன் ரத்தத்தத்தான் குடுத்தா" என்றாள். "அவ தடமும் இப்படித்தான் கறுப்பா வந்துது. அந்தப் பக்கத்த வெட்டி எறியச் சொன்னாரு சார். அவளும் வெட்டிட்டா."

"அவ ஒன்னய எப்படிக் கூப்பிடுவா?"

"எல்லாரையும் 'ட்டி'தான்." கட்டிலில் என் பக்கமாக வந்து உட்கார்ந்தாள். "நீ எந்த ஆன்டிபாடிய ஊத்துன?"

"அவ செஞ்சதுதான். பின்வரிசையில இருந்துச்சே, அந்தக் குப்பி."

ரீபாவின் முகம் வெளுத்தது.

"அது அவ இருக்கும்போதே தீர்ந்துபோச்சு முத்து. போன தடவ குழு வந்தப்ப, காலிக் குப்பி அசிங்கமா இருக்கும்னு சார் சொன்னாரு. நாந்தான் நல்லாக் கழுவி உப்புத்தண்ணிய ஊத்தி அடுக்கினேன்."

உப்புத்தண்ணீர் எதிலும் ஒட்டாது. ஆன்டிபாடி இல்லாமல் ஃபிலிமில் பட்டை விழவே முடியாது.

அந்த இரண்டு நாளும் இரண்டு தடமும் வெறுமையாகத்தான் வந்திருக்க வேண்டும்.