இருபத்தேழு அங்குலத் தலை

கனடாவில் எட்மன்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் தலைமுடி சத்தம் போட்டது. பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, ஈரக்கூந்தலோடு பூசைக்குக் கிளம்பினேன். இலங்கையில், எங்கள் பதுளையில் அப்படித்தானே போவோம்? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாதா கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும், மீதி சாமியாரின் பிரசங்கம் முடிவதற்குள் காய்ந்துவிடும். இங்கே பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் போவதற்குள் முதுகில் ஏதோ டிக் டிக் என்று தட்டியது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பினேன். அதுவும் என்னோடு திரும்பித் தட்டியது. தொட்டுப் பார்த்தால், மாதாவே, கூந்தல் விறகுக்குச்சியாய் விறைத்துக் கிடந்தது! ஒரு கார் ஓரமாக வந்து நின்றது. முன்பின் தெரியாத ஒரு அம்மா கண்ணாடியை இறக்கி, "தொப்பி எங்கே? உனக்குத் தொப்பி இல்லையா?" என்று கத்தினார். நான் சிரித்துக்கொண்டே "குட் மார்னிங்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். யார் வம்புக்கும் போகாத சனங்கள் இவர்கள். தொப்பி விஷயத்தில் மட்டும் ஊரே மாமியாராகிவிடும்.

அன்றிலிருந்து சனிக்கிழமை பகலிலேயே தலைக்குக் குளித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஈரத்தலை என்பது இந்த நாட்டுக்கு நான் விட்டுக்கொடுத்த முதல் காரியம். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. கடையில் வாங்கிய மெல்லிய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, காது விறைக்க விறைக்க வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வேலை, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். போன வருடம் அங்கே டெரெக் வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சு வரை தாடி, இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தார். வாசலில் பனி வாருவது, குழாய் திருத்துவது எல்லாம் அவர் வேலை. அப்படிப்பட்ட மனுசன் சாப்பாட்டு நேரத்தில் மூலையில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தார்! யாரோ ஒருத்தி கழிப்பறைக்குப் போகும்போது பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றே முதல் நாள் நினைத்தேன். "யாருடையது?" என்று கேட்டேன். "என்னுடைய அம்மாவுக்கு" என்றார். "அப்படியா, அம்மா எப்போது திரும்பி வருவார்?" என்றேன் நான். டெரெக் குழம்பிப்போய், "அவர் இருப்பது வான்கூவரில்" என்றார்.

அவர் தலையில் இருந்த தொப்பியை ஒரு நாள் கழற்றிக் கையில் கொடுத்தார். அடேயப்பா! இட்லி மாதிரி அழுத்தினால் அமுங்கி எழும்புகிறது. பெயர் பிரியோஷ் ரிப் என்றார். ஊசியிலிருக்கும் ஒரு நூல் கண்ணியைப் பின்ன வேண்டும், அடுத்த கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி, அதன் மேல் நூலைச் சால்வை மாதிரிப் போர்த்திவிட வேண்டும். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணியையும் அதன் சால்வையையும் சேர்த்து ஒன்றாய்ப் பின்ன வேண்டும். அவ்வளவுதான். அதனால் ஒற்றைத் துணி இரட்டைத் துணிக் கனத்துக்கு வந்துவிடுகிறது, நடுவில் காற்றும் தங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல பக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதை அக்காவுக்குப் பின்ன வேண்டும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலோமினா, என்னைவிட எட்டு வயது மூத்தவள். இன்னும் ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிக்கிறாள். நான் அனுப்பிய ஒரு பொருளைக்கூட அவள் வைத்துக்கொண்டதில்லை. ஜாக்கெட் அனுப்பினேன், மறுவாரம் அது சாமியார் வீட்டுச் சமையல்காரம்மா மேல் இருந்தது. சொக்லட் லயத்து வீடுகள் முழுக்கப் பங்கு போனது. சென்ட் போத்தல் டிஸ்பென்சரி மிஸ்ஸுக்கு. கேட்டால், "எனக்கெதுக்குடி இதெல்லாம்? வச்சிருந்தா பூஞ்சணம் புடிக்கும்" என்பாள். அவள் பெருந்தன்மை என்று ஊர் மெச்சிக்கொள்ளும். எனக்கு மட்டும், என்னிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்வதாகத்தான் படும். கடையில் வாங்கியதைத்தானே கொடுத்துவிடுகிறாய், என் கையாலேயே செய்து அனுப்புகிறேன், அதையும் கொடுப்பாயா பார்க்கலாம் என்று மனதுக்குள் சவால் விட்டேன்.

என் கையைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓ-லெவல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மூன்று மாதம் நானும் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, அன்றைக்கு எந்த மலை என்று கேட்டு, அக்காவுக்குப் பக்கத்துச் செடி நிரையைப் பிடித்துக்கொள்வேன். அக்கா கண்ணால் பார்ப்பதே இல்லை. வாய் ஊர்க்கதை பேசும், இரண்டு கையும் தானாகப் போய்ப் பறித்து, தோளுக்கு மேலாகக் கூடையில் எறியும். நானோ ஒவ்வொரு கொழுந்தாகக் குனிந்து, இது இரண்டு இலையா மூன்று இலையா என்று பார்ப்பேன். "ஏம்புள்ள, கொழுந்து பறிக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கங்காணி கத்துவார். மலையே சிரிக்கும். முதுகுக் கூடையைத் தாங்கித் தலையில் மாட்டியிருக்கும் கூடைக்கயிறு தலையை அறுக்கும், அட்டை காலைக் கடிக்கும், கூடையில் அடிப்பாகம்கூட மறைந்திருக்காது. நிறுவைக்கு இறங்கும்போது அக்கா தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி என் கூடையில் போடுவாள். "ஒங் கை கையில்லடி, அது பேனா புடிக்கிற காம்பு. போய்ப் படி" என்பாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள்.

சரி, கதைக்கு வருகிறேன். தலை அளவு வேண்டுமே! லயத்துக்குள் சிக்னல் ஒழுங்காய் வராது, படம் தெரியாது, குரல் மட்டும்தான்.

"அக்கா, ஒன் தலையச் சுத்தி அளந்து சொல்லு."

"எதுக்கு, பெட்டி செய்யவா? அதுக்கு ஆள் நீளமும் வேணுமேடி."

"வாயக் கழுவு! எதுக்குன்னு கேக்காம அளந்து சொல்லு."

மறுநாள் சொன்னாள். தையல் டேப்பால் அளந்தாளாம். இருபத்தேழு இஞ்சி.

நான் அப்படியே டெரெக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். சாதாரணமாக ஒரு பெண்ணின் தலை இருபத்திரண்டு அங்குலம் இருக்குமாம். அவருடைய பூசணித் தலையே இருபத்து நான்குதானாம். ரொம்ப மரியாதையாக, "உன் அக்கா பெரிய உடம்புக்காரரா?" என்றார். "இல்லை, என்னில் பாதி" என்றேன். அவர் என் உடம்பை ஒருமுறை பார்த்தார், பிறகு பேச்சை மாற்றினார். பிரியோஷ் நன்றாக இழுபடும், அதனால் ஐந்து அங்குலம் குறைத்துப் பின்னு என்றார். மாட்டேன் என்றேன். அக்கா ஒரு அளவு சொன்னால் சொன்னதுதான். கடைசியில் ஒரே ஒரு அங்குலம் குறைப்பதென்று உடன்பாட்டுக்கு வந்தோம்.

மிளகாய்ச் சிவப்பில் நூல் வாங்கினேன். முதல் வாரம் சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணியை மட்டும் பின்னி, ஓட்டை ஓட்டையாய் ஒரு மீன்வலை செய்தேன். அவிழ்த்தேன். மறுபடியும் வலை. ஆனால் இந்தப் பின்னலுக்கு ஒரு குணம் இருக்கிறது. வாய் பேசிக்கொண்டு கையை ஓடவிட்டால் தொலைந்தோம், ஒவ்வொரு கண்ணியாகக் குனிந்து பார்க்க வேண்டும். அட, அது நமக்குக் கைவந்த கலையாயிற்றே! கங்காணி எதற்குத் திட்டினாரோ அதற்கே டெரெக், "இவ்வளவு கவனமாகப் பின்னும் ஆளை நான் பார்த்ததில்லை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பின்னினேன், உலை கொதிக்கும்போது பின்னினேன், ஒரு நாள் பின்னிக்கொண்டே இறங்கும் இடத்தைத் தாண்டி விமான நிலையம் வரை போய்விட்டேன்.

ஒரு மாதத்தில் தொப்பி முடிந்தது. பக்கத்தைத் தைத்து, உச்சியைச் சுருக்கிக் கட்டி, சமையலறையில் எல்லோர் முன்னாலும் டெரெக் தலையில் போட்டேன். தொப்பி நெற்றியில் நிற்கவில்லை. மூக்கில் நிற்கவில்லை. தாடியில் போய்த்தான் நின்றது. உள்ளேயிருந்து அவர், "நன்றாகச் சூடாக இருக்கிறது" என்றார். சமையல்காரி சிரித்துச் சிரித்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் அழுகையாக வந்தது. அவிழ்த்துப் பின்ன நேரமில்லை. மறுநாள் காலை தெரிந்த குடும்பம் ஒன்று கிறிஸ்து பிறப்பு நத்தாருக்குப் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலைக்குப் புறப்படுகிறது, பெட்டியில் இடம் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தொப்பியை அவள் யாருக்குக் கொடுப்பாள்? வாங்கிக்கொள்ளக்கூட ஆள் கிடைக்காதே! அப்படியே சுற்றி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் அக்காவிடமிருந்து பேச்சு மூச்சில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. அங்கே காலை ஏழரை. அதிசயமாகப் படமும் தெரிந்தது. மலை உச்சிக்குப் போனால் சிக்னல் நன்றாக வருமாம். போனைப் பிடித்திருந்தவள் பக்கத்து நிரைக்காரி மாரியாயி. பின்னால் நமுனுகுல மலை மேகத்துக்குள் இருந்தது. பச்சைக்கு நடுவில் மிளகாய்ச் சிவப்பாக என் தொப்பி. அதன்மேல் கூடைக்கயிறு. அதற்குக் கீழே அக்கா.

"என்னக்கா, பெருசா இல்லையா?"

"பெருசா? அளந்து செஞ்ச மாதிரி இருக்கு. தொப்பி இந்தத் தண்டிக்கு மொத்தமா இருக்குறதால கயிறு இருக்குறதே தெரியல." சொல்லிக்கொண்டே கயிற்றை நகர்த்தித் தொப்பியின் விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே, நாலாய் மடித்த துண்டு.

"அடிப்பாவி, துண்டோடயா அளந்த?"

"பின்ன? கூடை மாட்டுற தலைய எவ துண்டில்லாம அளப்பா? கயிறு கட்ட அப்படித்தானே அளப்போம். நீயுந்தானே மூணு மாசம் மாட்டுன? மறந்துட்டியாடி?"

மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கேட்டதும்தான் அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. துண்டு கொண்டுபோக வேண்டும் என்றுகூடத் தெரியாமல் நான் பெரட்டுக்குப் போய் நின்றேன். அக்கா தன் தலையிலிருந்த துண்டை எடுத்து என் தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டிவிட்டாள். அன்று முழுக்க வெறுந்தலையில் கயிறு அறுக்க அறுக்க அவள் பறித்தாள். நான் அப்போதும் கயிறு வலிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தேன். இதை எல்லாம் நினைத்து நான் அழுகிறேன் என்று தெரிந்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேல நேரத்துல அழுவுறதுக்கா போன் போட்டேன்? மாரியாயி, நீ சொல்லு."

மாரியாயி போனைத் தன் பக்கம் திருப்பினாள். "தங்கச்சி, நானும் கேட்டுட்டேன், கணக்கப்பிள்ளை சம்சாரமும் கேட்டுருச்சு, சாமியார் வீட்டுச் சமையக்காரம்மாவும் கேட்டுருச்சு. ஒங்கக்கா தர மாட்டேங்குது. தொட்டுப் பாக்கக்கூட விட மாட்டேங்குது!"

"இது எந் தங்கச்சி கையால செஞ்சது" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "யாருக்கும் குடுக்க முடியாது." அவ்வளவுதான். நிரை காத்திருக்கிறது என்று போய்விட்டாள். நான் ஒரு கால் சப்பாத்தோடு வீடு முழுக்கக் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைத் தட்டினார், அதற்கும் ஒரு குதி குதித்தேன்.

ஹாலிஎலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். தேயிலையும், அவளுடைய பழைய துண்டும். மடித்த மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. மறுநாளே டெரெக்கிடம் போய், எனக்கும் ஒரு தொப்பி பின்னப் போகிறேன் என்றேன். அவர் சந்தோஷமாக டேப்பை எடுத்து என் தலையை அளக்க வந்தார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லித் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் அளந்தார். மறுபடியும் அளந்தார். இருபத்தேழு என்று தாளில் எழுதிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சைபருக்குக் கீழே இருபத்தைந்து பாகை. காலையில் தலைக்குக் குளித்தேன். ஈரக்கூந்தலை அள்ளி முடிந்து, அக்காவின் துண்டைச் சுற்றி, அதன்மேல் இருபத்தேழு அங்குலத் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு பூசைக்கு நடந்தேன். கார்கள் போயின, ஒன்றும் நிற்கவில்லை. முதுகில் எதுவும் தட்டவில்லை. பஸ் நிறுத்தம் வந்ததும் கை தன்பாட்டில் மேலே போய், தலையில் இல்லாத கூடைக்கயிற்றைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.