அம்மாக்கண்ணு அக்கா வந்து உட்கார்ந்த வீடு

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது செத்த வீடு. வேறு எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒரு வேலையைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிடுவார்கள். மற்றவர்களைச் சொல்வானேன், நானே போடுவேன். கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்க்கிறவள் நான். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் இருபது பிள்ளைகளையும் பகலெல்லாம் மேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷனையும் மேய்ப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அம்மாக்கண்ணு அக்காவின் வீடு எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி. அறுபது வயது. பதினாலு வயதில் கொழுந்தெடுக்கப் போனவர், வயசாகித் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிய பிறகும் அன்றாடக் கூலியாகக் கைக்காசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வீட்டில் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள், ஒரு மாடு. மாட்டுக்குப் புல்லும் அடுப்புக்கு விறகும் அவர் தலையில்தான் வரும். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்.

ஆனால் சாவு என்று கேள்விப்பட்டால் போதும், முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அழமாட்டார். எப்படிச் செத்தார் என்று விசாரிக்கவும் மாட்டார். சுவரோரமாக உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். செத்த வீட்டிலிருந்து ஒருத்தியைப் புல்லறுக்கக் கூப்பிட யாருக்கு மனசு வரும்? எந்தச் சாவுக்கும் தவறாத நல்ல மனுஷி என்று எல்லோரும் சொன்னார்கள், தங்கவேலு சாகிற வரைக்கும்.

தங்கவேலு லொறி ஓட்டுகிறவர். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அக்கா அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில், இஸ்தோப்பில், வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாராம். துணி அலசிக்கொண்டிருந்த தங்கவேலு பெண்சாதி மீனம்மா, என்னக்கா விஷயம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாராம். அரைமணி நேரத்தில் போன் வந்தது. தலவாக்கலைப் பக்கம் லொறி புரண்டு தங்கவேலு போய்விட்டார். அதன் பிறகு அக்கா நடந்து வந்தால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நானும் கதவைச் சாத்தியிருக்கிறேன். பொய் சொல்லமாட்டேன்.

வைகாசியில் என் புருஷன் இராமையாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, சும்மா இருக்க வேண்டும், அதுதான் மருந்து என்றார் டாக்டர். மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, படுத்தே கிடந்தால் உடம்பு மரத்துப்போகும், விறகு அப்படியே கிடக்கிறது என்று சொன்னேன். அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் சட்டி கழுவினேன். கோடாலிச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. அம்மாக்கண்ணு அக்கா நின்றார். என்னைப் பார்க்கவில்லை. இஸ்தோப்பில் சுவரோரமாக உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

எழுந்து போங்கள் என்று சொன்னால் எதற்கென்று சொல்ல வேண்டிவரும். அதை வாயால் சொல்லப் பயம். பக்கத்து வீட்டு சர்மிளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாசலில் பந்து விளையாடிய பிள்ளைகளைக் காணவில்லை. பனிமூட்டம் வாசலோரச் சாக்கடைக் கான் வரைக்கும் இறங்கியிருந்தது. லயம் முழுக்கக் கோடாலிச் சத்தம் மட்டும்தான். ஒன்று. இன்னொன்று. அக்காவைப் பார்த்தபடி அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

ஓடினேன். இராமையா கட்டையில் சாய்ந்து கிடந்தார். சட்டை வேர்வையில் நனைந்து, உதடு வெளுத்துப்போயிருந்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது, மெல்ல முகத்தில் ரத்தம் வந்தது. இன்னும் ரெண்டு கட்டைதான் பாக்கி என்றார். என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மறுநாள் டாக்டரும் என்னைத்தான் திட்டினார்.

அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் அக்கா அசையாமல் அப்படியே இருந்தார். பிறகு எழுந்தார், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். செத்த வீட்டிலிருந்து அப்படித்தான் போவார்கள். அங்கே யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பனிமூட்டத்தில் பின்னாலேயே ஓடி, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவர் கையைப் பிடித்தேன்.

"சொல்லிட்டுப் போங்கக்கா. யாருக்காக வந்தீங்க?"

அக்கா என்னைவிடப் பயந்திருந்தார். "யாருக்காகவும் இல்ல புள்ள. தங்கவேலு வூட்டுக்கும் அன்னைக்கு சும்மாதான் போனேன். ஒக்காந்தேன், போன் வந்திருச்சு. அதுலேருந்து எனக்கே என்னயக் கண்டா பயம். நாலு மாசமா எங்கயும் ஒக்காரல. இன்னைக்கு முடியல."

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க வூட்டுலதான் ஒரு மனுசன் சும்மா படுத்திருக்காரு. நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்."

பிடித்த கையை விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வாங்க என்றேன். அக்கா தயங்கினார்.

"அப்ப போயிட்டு வாறேன்," என்றார். சரியாகச் சொன்னோமா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். பிறகு நடந்து போனார்.

அவர் எதைக் கூட்டிவந்தார், எதைத் தடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வராமல் நான் சட்டியை உருட்டிக்கொண்டிருந்திருந்தால் கோடாலிச் சத்தம் நின்றதே என் காதில் விழுந்திருக்காது. அது மட்டும் தெரியும். அக்காவைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான்.

வீட்டுக்கு வந்தேன். மிச்சச் சட்டியெல்லாம் கழுவாமல் கிடந்தது, விறகு பின்பக்கம் சிதறிக் கிடந்தது. எதையும் தொடாமல் இராமையாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் விழித்து என் முகத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தார். முகம் மாறியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"யாரு செத்தது?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்று அவரைப் படுக்கவைத்துவிட்டு, மறுபடியும் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.