எந்தக் கை என்று கேட்காத கட்டுரை

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மனிதக் கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சென்னையில் மானிடவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் விருதுநகர். மனிதர்களில் பெரும்பாலானோர் வலக்கைக்காரர்களாக ஆனது எப்படி என்பது பழைய கேள்வி. கட்டைவிரல் நுனியால் பிடித்துச் செய்யும் நுண்ணிய வேலைதான் நம் முன்னோர்களிடம் அந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்தியது என்று நான் நம்பினேன். சான்று தேடி, கோடை விடுமுறையில் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

மருந்தில் முக்குவதற்கு முன் தீக்குச்சிகளை வரிப்பள்ளம் போட்ட கட்டைகளில் அடுக்க வேண்டும். கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைத்தான் செய்தார்கள். இரண்டு வாரம் குறிப்பேட்டோடு அவர்கள் விரல்களைப் பார்த்தேன். ஒருவர் விடாமல் எல்லாரும் வலக்கையால் அடுக்கினார்கள். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் எழுதி, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டேன்.

இப்படி அனுப்பும் கட்டுரையை, பெயர் தெரியாத இரண்டு மூன்று ஆய்வாளர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு விருதுநகர் வந்திருந்தபோது, பிரவுசிங் சென்டரில் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். முதலாமவர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். குச்சித்தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, அதை அங்கே வைத்தது யார், இந்தப் பெண்கள் வீட்டில் எந்தக் கையால் வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருந்தார். பதில் இல்லாமல் கட்டுரையை ஏற்க முடியாது என்று முடித்திருந்தார்.

தீப்பெட்டி ஆபீசைக் கண்ணால் பார்க்காத ஆள் எனக்குப் பாடம் நடத்துகிறாரே என்று கொதித்துப் போனேன். காரசாரமாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனது, எழுதியதும் போனது. இன்றைக்கும் அந்த மின்வெட்டுக்கு நன்றி சொல்வேன்.

திருவிழா முடிந்து தீப்பெட்டி ஆபீசில் வேலை தொடங்கியதும், அவர் சொன்னது தப்பு என்று காட்டவே ஆமத்தூருக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில், வழக்கமாக முதல் வரிசையில் உட்காரும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும், அங்கே அவரைவிட வேகமாக அடுக்க ஆளில்லை. வீட்டில் காய் நறுக்குவது எந்தக் கையால் என்று கேட்டேன்.

“பீச்சாங்கைதான் டீச்சர். கோலமும் அதுலதான் போடுவேன்.”

அப்படியானால் இங்கே மட்டும் ஏன் வலக்கை என்றேன்.

“நெருக்கி உக்காந்திருக்கோம்ல. நான் பீச்சாங்கையால அடுக்குனா அடுத்தவ முழங்கைல இடிக்கும். தட்டையும் சோத்துக்கைப் பக்கம்தான் வைப்பாக. வந்த புதுசுல விரலெல்லாம் வலிக்கும், அப்புறம் பழகிருச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அன்னிக்கு அம்புட்டு நேரம் உக்காந்து எழுதுனீக, இதக் கேக்கலையே,” என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. மற்றவர்களிடமும் அதையே கேட்டேன். அந்த வரிசையிலேயே இன்னும் மூன்று பேர் அவரைப் போல இருந்தார்கள். நான் பரிணாமம் என்று நினைத்து எழுதியது, யாரோ ஒரு மேஸ்திரி தட்டு வைத்த பக்கத்தை.

கட்டுரையைக் கலைத்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். பழைய கற்கருவிகளில் உள்ள செதுக்கல் தடங்களைப் பார்த்து, செய்தவர் எந்தக் கைக்காரர் என்று முடிவுகட்டுகிறோம். அவரும் நெருக்கமாக உட்கார்ந்து, பக்கத்து ஆளுக்காகக் கையை மாற்றியிருக்கலாமே என்று அதில் கேட்டேன். முதலில் எழுதியதைவிடச் சிறிய கட்டுரை. இரண்டாமவர் இந்த முறை ஒரே வரி எழுதினார்: ஏற்கலாம். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பிறர் கட்டுரைகள் என்னிடம் வரும்போது, அவரைப் போலப் பொறுமையாக நான்கு பக்கம் எழுதப் பார்க்கிறேன். பல நாள் முடிவதில்லை.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போனேன். அந்தப் பெண்ணிடம், முதலில் நான் எழுதியது தவறு, நீங்கள் சொன்னதால்தான் திருத்தினேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“தப்புன்னு நீங்களே சொன்னா, ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

ஒன்றும் ஆகாது, நல்லதுதான் நடந்திருக்கிறது என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று, தன் தூக்குவாளியைத் திறந்து பாதியை மூடியில் எடுத்து என் முன்னால் வைத்தார்.